கதை சொன்னவளின் பெயர் என்ன?

திருப்பூரில் தைத்து முடித்த பனியனின் கழுத்துப் பகுதியில் சின்னதாக ஒரு லேபிள் இருக்கும். வாங்கும் கம்பெனியின் பெயர், அளவு, துணியில் பருத்தி எத்தனை சதவீதம், எந்த நாட்டில் தைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். நூல் நூற்றவள், ஓவர்லாக் அடித்தவள், பிசிறு வெட்டியவள், செக்கிங் பார்த்தவள் யாருடைய பெயரும் இருக்காது. இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கதைப் புத்தகங்களுக்கும் இப்படி ஒரு லேபிள் இருக்கிறது என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. சின்ட்ரெல்லா, ஸ்நோ ஒயிட், ரபுன்ஸல் ஆகிய கதைகள் தமிழில் எத்தனையோ பதிப்புகளாக வந்துவிட்டன. அட்டையில் 'கிரிம் சகோதரர்கள்' என்ற பெயர் இருக்கும். அவர்களுக்கு இந்தக் கதைகளைச் சொன்னது யார்?

யாக்கோப் கிரிம் 1785-லும் வில்ஹெல்ம் கிரிம் 1786-லும் பிறந்தவர்கள். 1812 டிசம்பரில் அவர்களுடைய கதைத் தொகுப்பின் முதல் பகுதி வெளிவந்தது. 1815-ல் இரண்டாம் பகுதி வந்தது. அவர்கள் ஊர் ஊராக நடந்து, குடிசை வாசலில் உட்கார்ந்து, கிழவிகளிடம் கதை கேட்டு எழுதினார்கள் என்று ஒரு சித்திரம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. உண்மையில் பெரும்பாலான கதைகள் அவர்கள் வாழ்ந்த காஸல் நகரத்து வீடுகளில் வைத்தே கிடைத்தன. சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் பலர் இளம்பெண்கள். பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்த வில்ட் குடும்பத்துப் பெண்கள் கதை சொன்னார்கள். அவர்களில் டோர்ட்சென் வில்ட் நிறையச் சொன்னார். 1825-ல் அவர் வில்ஹெல்மின் மனைவியானார். ஹாஸன்ஃப்ளுக் குடும்பத்துச் சகோதரிகளான மரீ, ஜானெட், அமாலீ மூவரும் சொன்னார்கள். சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியின் கதை அவர்கள் வழியாக வந்ததுதான்.

ஹாஸன்ஃப்ளுக் சகோதரிகளின் தாய்வழி, மத ஒடுக்குமுறைக்குத் தப்பி பிரான்சிலிருந்து வந்த புராட்டஸ்டண்ட் குடும்பம். பிரெஞ்சுப் பேச்சும் பிரெஞ்சுக் கதைகளும் புழங்கிய வீடு அது. கிரிம் சகோதரர்கள் வேலை செய்த காலமோ நெப்போலியனின் படைகள் ஜெர்மன் நாடுகளைப் பிடித்து வைத்திருந்த காலம். காஸலில் நெப்போலியனின் தம்பியே அரசனாக உட்கார்ந்திருந்தான். ஜெர்மன் மக்களின் ஆதி ஆன்மா இந்தக் கதைகளில் இருக்கிறது என்று சொல்ல விரும்பியவர்களுக்கு, அவற்றைச் சொன்னது பிரெஞ்சு வம்சாவளியில் வந்த, படித்த நகரத்து இளம்பெண் என்று எழுதுவது சங்கடம். அதனால் 'ஹெஸ்ஸே பகுதியிலிருந்து', 'மைன் பகுதியிலிருந்து' என்று இடத்தை மட்டும் குறித்துவிட்டார்கள். பெண்ணின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிலத்தின் பெயர் வந்தது.

ஒரே ஒரு பெண்ணை மட்டும் பெயர் தெரியும்படி முன்னால் நிறுத்தினார்கள். அவர் டொரோத்தியா ஃபீமான். காஸலுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தோட்டத்தில் விளைந்ததை விற்க நகரத்துக்கு வருவார். கிட்டத்தட்ட நாற்பது கதைகள் அவர் சொன்னவை. 1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் முகத்தையே படமாகப் போட்டார்கள். வரைந்தது கிரிம்களின் தம்பி லூட்விக். 'விவசாயப் பெண்' என்று அவரை அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் அவர் சத்திரக்காரரின் மகள், தையல்காரரின் மனைவி. அவருடைய தந்தைவழியும் பிரான்சிலிருந்து வந்ததே. பல ஊர் வழிப்போக்கர்களும் வண்டிக்காரர்களும் வந்து தங்கிய சத்திரத்தில் வளர்ந்து, காதில் விழுந்த கதைகளை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்ட ஒரு கூர்மையான பெண்ணை, மண்ணோடு மண்ணாக வாழ்ந்த வெள்ளந்தியான கிழவியாக மாற்றிவிட்டார்கள். படம் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. 1815-லேயே இறந்துவிட்டார்.

இன்னொரு பெண்ணின் பெயர் பட்ட பாடு இதைவிட வேடிக்கையானது. கிரிம்கள் தங்கள் சொந்தப் பிரதியில் சில கதைகளுக்குப் பக்கத்தில் 'மரீ' என்று குறித்து வைத்திருந்தார்கள். வில்ஹெல்முக்கும் டோர்ட்செனுக்கும் பிறந்த ஹெர்மன் கிரிம், அது வில்ட் வீட்டில் வேலை பார்த்த வயதான மரீ என்று எழுதினார். உலகமும் நம்பியது. வேலைக்காரக் கிழவி என்றால் கதைக்கு ஒரு பழமை மணம் வந்துவிடுகிறதல்லவா? 1975-ல் ஹைன்ஸ் ரோலகெ என்ற ஆய்வாளர், அந்த மரீ இருபது வயதைச் சற்றே தாண்டியிருந்த மரீ ஹாஸன்ஃப்ளுக்தான் என்று நிறுவினார். ஊசி குத்தி நூறு ஆண்டு தூங்கும் இளவரசியின் கதையைச் சொன்னவர் அந்த இளம்பெண். கதை சொன்ன ஒருத்திக்கு வயதும் வர்க்கமும் மாற்றி எழுதப்பட்டு, அது சரியாகப் பல பத்தாண்டுகள் ஆயின.

பெயர் போனதோடு நிற்கவில்லை, கதைகளும் மாறின. 1812 முதல் 1857-ல் வந்த ஏழாம் பதிப்பு வரை வில்ஹெல்ம் திருத்திக்கொண்டே இருந்தார். முதல் பதிப்பின் ரபுன்ஸல், தன் உடைகள் இறுக்கமாகிக்கொண்டே போவது ஏன் என்று அப்பாவியாகக் கேட்கிறாள். அவள் கருவுற்றிருக்கிறாள் என்று நமக்குப் புரிகிறது. பின்வந்த பதிப்பில் அந்தக் கேள்வி இல்லை. முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819-ல் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லும் ஹான்ஸல், கிரேட்டலின் தாயும் 1840 பதிப்பில் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். தாய்மையின் மீது கறை படக் கூடாது. அந்தக் கறையைச் சுமக்க இன்னொரு பெண் தேவைப்பட்டாள். உலகத்துக் குழந்தைகள் எல்லாரும் பயப்படும் 'சித்தி' இப்படித்தான் அச்சில் ஊன்றப்பட்டாள்.

நம் ஊருக்கு நேரடியாகத் தொடர்புள்ள இரண்டு கதைகளைப் பார்க்கலாம். இரண்டும் நூல் நூற்பதைப் பற்றியவை.

முதலாவது ரும்பல்ஸ்டில்ட்ஸ்கின். மாவு மில்காரன் தன் மகள் வைக்கோலைத் தங்கமாக நூற்பாள் என்று அரசனிடம் பெருமை அடிக்கிறான். நூற்காவிட்டால் சாவு, நூற்றால் அரசனோடு கல்யாணம். ஒரு குள்ளன் வந்து அவளுக்காக நூற்றுத் தருகிறான். கடைசியில் அவன் பெயரைக் கண்டுபிடித்து அவள் தன் குழந்தையைக் காப்பாற்றிக்கொள்கிறாள். நாம் அறிந்த கதை இது. ஆனால் 1810-ல் கிரிம்கள் எழுதி வைத்திருந்த கைப்பிரதி ஒன்று பின்னாளில் ஓலன்பெர்க் என்ற மடத்தில் கிடைத்தது. அதில் அப்பனின் பெருமையும் இல்லை, அரசனின் மிரட்டலும் இல்லை. ஒரு பெண்ணிடம் நூற்கச் சணல் கொடுக்கிறார்கள். அவள் எப்படி நூற்றாலும் சாதாரண நூல் வராமல் தங்க இழையே வருகிறது. அதனால் அவள் வருத்தப்படுகிறாள். தங்கம் செய்யும் கை அவளுடையது. அச்சுக்குப் போகும்போது அந்தத் திறமை அவள் கையிலிருந்து குள்ளனின் கைக்குப் போய்விட்டது. பெயரைச் சுற்றியே நடக்கும் இந்தக் கதையில் குள்ளனுக்குப் பெயர் இருக்கிறது. அவளுக்குக் கடைசி வரை பெயரே இல்லை.

இரண்டாவது கதையை ஜானெட் ஹாஸன்ஃப்ளுக் சொன்னார். ஓர் அரசனுக்கு ராட்டையின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அரசியும் மகள்களும் ஓயாமல் நூற்க வேண்டும். ஒருமுறை வெளியூர் போகும் முன் ஒரு பெரிய பெட்டி நிறையச் சணலை வைத்து, திரும்பி வருவதற்குள் இதை முடித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மகள்கள் அழுகிறார்கள். அரசி ஒரு யுக்தி செய்கிறாள். அந்நாட்டில் நூற்று நூற்று உடல் உருக்குலைந்துபோன மூன்று பெண்களை வரவழைத்து, அரசன் வரும் நாளில் ராட்டை முன்னால் உட்கார வைக்கிறாள். ஒருத்திக்கு இழையை நனைத்து நனைத்துக் கீழுதடு தொங்கிவிட்டது. ஒருத்திக்கு இழையைத் திரித்துத் திரித்து விரல் வீங்கிப் பருத்துவிட்டது. ஒருத்திக்கு மிதித்து மிதித்துப் பாதம் தட்டையாகிவிட்டது. அவர்களைப் பார்த்துக் காரணம் கேட்ட அரசன் பயந்துபோய், இனிமேல் என் மனைவியும் மகள்களும் ராட்டையைத் தொடக் கூடாது என்று ஆணையிடுகிறான்.

1819 பதிப்பில் இந்தக் கதையை எடுத்துவிட்டு வேறொரு வடிவத்தை வைத்தார்கள். அதில் நூற்கச் சோம்பல்படும் பெண் ஒருத்தி வருகிறாள். மூன்று கிழவிகள் அவளுக்காக நூற்றுத் தருகிறார்கள். அவள் இளவரசனை மணக்கிறாள். ஜானெட்டின் கதையில் பெண்கள் கூடித் திட்டமிட்டு வேலைச் சுமையை இறக்கிவைத்தார்கள். மாற்று வடிவத்தில் அது ஒரு சோம்பேறிக்கு அடித்த அதிர்ஷ்டமாகிவிட்டது.

பல்லடத்திலும் தாராபுரத்திலும் உடுமலையிலும் ஸ்பின்னிங் மில் விடுதிகளில் இருந்த பெண்களுக்கு இந்த மூன்று கிழவிகளைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மூன்று வருடம் மில்லில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லி ஆள் சேர்த்த திட்டத்துக்குச் 'சுமங்கலி' என்றே பெயர் இருந்தது. நூற்றால் கல்யாணம் என்ற கதை நமக்கு ஜெர்மனியிலிருந்து வர வேண்டியதில்லை. பஞ்சுத் தூசியால் வரும் இருமல், ஷிஃப்ட் முழுக்க நின்றே வீங்கிப்போன கால், பிசிறு பார்த்துப் பார்த்து மங்கிய கண் என்று உடலில் தொழில் எழுதிவைப்பதும் இங்கே அதேபோலத்தான். ஜானெட்டின் கதையைப் படித்த என் மாணவி ஒருத்தி, "எங்க அம்மாவயும் அந்த அரசனுக்கு முன்னால கொண்டுபோய் உக்கார வெக்கலாமுங்க" என்றாள்.

இந்தியாவில் கதைகள் எப்படிப் புத்தகமாயின? 1868-ல் லண்டனில் 'பழைய தக்காண நாட்கள்' என்று பொருள்படும் தொகுப்பு ஒன்று வந்தது. தென்னிந்தியாவில் வழங்கும் கதைகள் என்று துணைத்தலைப்பே சொல்கிறது. தொகுத்தவர் மேரி ஃப்ரேர், பம்பாய் கவர்னரின் மகள். அப்பாவோடு தக்காணத்தில் முகாம் போனபோது, பேச்சுத் துணைக்கு வேறு சீமாட்டி இல்லாத நாட்களில், தன் ஆயாவிடம் கதை சொல்லச் சொன்னார். அந்த ஆயா அன்னா லிபரேட்டா டி சோஸா. அவருடைய தாத்தாவின் குடும்பம் கோழிக்கோட்டில் இருந்த லிங்காயத்துக் குடும்பம். பிறகு கோவாப் பக்கம் போய்க் கிறிஸ்தவர்களானார்கள். கணவர் இறந்தபின் ஆயா வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த பெண் அவர். கதைகள் பாட்டியிடம் கேட்டவை. மேரி ஃப்ரேர் ஒரு நல்ல காரியம் செய்தார். கதைகளுக்கு முன்னால் அன்னா தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக ஓர் அத்தியாயம் வைத்தார். கிரிம்களின் புத்தகத்தில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத இடம் இது. ஆனாலும் முகப்புப் பக்கத்தில் அன்னாவின் பெயர் இல்லை. மேரியின் பெயர்கூட 'எம்.' என்ற ஓர் எழுத்தாகத்தான் இருக்கிறது. முன்னுரையும் குறிப்புகளும் எழுதிய அப்பாவின் பெயரோ பட்டத்தோடு முழுமையாக இருக்கிறது.

தமிழ்க் கதைகளுக்கு வருவோம். திருச்சிப் பக்கத்தைச் சேர்ந்த பண்டித ச. ம. நடேச சாஸ்திரி (1859–1906) 1884 முதல் தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1890-ல் அவரும் ஓர் ஆங்கிலேயப் பெண்ணும் சேர்ந்து 'சூரியனின் கதைகள்' என்ற பொருளில் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண் முன்னுரையில் சொல்லும் செய்தி முக்கியமானது. முதலில் அவர் தன் வீட்டு வேலைக்காரர்கள் மூலமாகக் கதை சேகரித்தார். வேலைக்காரர்கள் கடைவீதிக் கிழவிகளிடம் கேட்டு வந்து சொன்னார்கள். ஆனால் அவற்றில் கலப்படம் மிகுதி, அவர்கள் சமைக்கும் குழம்புச் சோற்றில் கண்டதெல்லாம் சேர்வது போல என்று அவர் குறைப்படுகிறார். பிறகு பண்டிதரின் கதைகள் கிடைத்தன, புத்தகம் உருவானது.

அந்தக் கடைவீதிக் கிழவிகள் யார்? கீரை விற்றவர்களா, இட்லி சுட்டவர்களா? அவர்கள் சொன்ன 'கலப்படக்' கதைகள் எவை? கலப்பு என்பது வாய்மொழிக் கதையின் உயிர். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுத் துயரத்தையும் நையாண்டியையும் சேர்த்துத்தான் கதை சொல்கிறாள். அதையே குறையென்று தள்ளிவிட்டு, பண்டிதர் எழுதிய பாடம் சுத்தமானது என்று எடுத்துக்கொண்டார்கள். தள்ளியவரின் கதையையும் பார்க்க வேண்டும். முகப்பில் அவர் பெயர் 'திருமதி ஹோவர்ட் கிங்ஸ்கோட்'. ஹோவர்ட் என்பது கணவரின் பெயர். அவருடைய பெயர் ஜார்ஜியானா. பிற்பாடு நாவல்கள் எழுதியபோது 'லூகாஸ் க்ளீவ்' என்ற ஆண் பெயரில் எழுதினார். கிழவிகளின் பெயரைக் கேட்காத அவருக்கும் தன் பெயரில் எழுத முடியவில்லை. இரண்டு இழப்பும் ஒன்றல்ல. அவருக்குப் புத்தகமும் பணமும் இருந்தன. ஆனால் இரண்டும் ஒரே ஒழுங்கிலிருந்து வந்தவை.

நம் அச்சு மரபும் இதில் பின்தங்கவில்லை. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களில் ஆசிரியர் பெயராகப் புகழேந்திப் புலவர் பெயர் போடப்பட்டது. நளவெண்பா பாடியவருக்கும் இவற்றுக்கும் மொழியிலோ காலத்திலோ பொருத்தமில்லை என்று அறிஞர்கள் சொன்ன பிறகும் அந்தப் பெயர் நீங்கவில்லை. ஆணை ஆளும் அல்லியின் கதைக்கும் ஓர் ஆண் புலவரின் முத்திரை வேண்டியிருந்தது.

நல்லதங்காளை எடுத்துக்கொள்வோம். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, சோறு மறுக்கப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். ஹான்ஸல், கிரேட்டல் கதையின் அதே பசி இதிலும் இருக்கிறது. நம் கதை பெற்ற தாயை மாற்றாந்தாயாக்கவில்லை. அவள் செய்ததையும் மறைக்கவில்லை. ஆனால் பழி முழுவதும் அண்ணி மூளி அலங்காரியின் தலையில் விழுகிறது. அண்ணன் நல்லதம்பி நல்லவனாகவே இருக்கிறான். பஞ்சத்துக்குக் காரணமான வரியும் அரசும் கதைக்குள் வருவதே இல்லை. ஒப்பாரியில் நல்லதங்காளுக்காக அழுத பெண்கள் மூளி அலங்காரியைப் பற்றி வேறு விதமாகவும் சொல்லியிருக்கக் கூடும். அந்தச் சொல்லல்களை யாரும் அச்சுக்குக் கொண்டுவரவில்லை.

கொங்கு நாட்டில் பெரிய அளவில் பதிவான கதை அண்ணன்மார் சாமி கதை. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960-களின் நடுவில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி, பல இரவுகள் நீண்ட உடுக்கைப் பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982-ல் அதைப் பற்றிய ஆய்வு நூலையும் எழுதினார். பாடகரின் பெயரையும் முறையாகக் குறித்தார். ஒரு பெண் வந்து நம் மண்ணின் கதையை இவ்வளவு கவனத்தோடு கேட்டது பெரிய விஷயம். ஆனால் உடுக்கைப் பாட்டு கோயிலிலும் பொது இடத்திலும் ஆண்கள் பாடுவது. பிள்ளை வரத்துக்குத் தவம் கிடந்த தாமரையும், வீரப்பூர்க் காட்டில் அண்ணன்மாரின் உடலைத் தேடி அலைந்த தங்காளும் அந்தக் கதையில் எவ்வளவு ஓங்கி நின்றாலும், அவர்களைப் பாடுவது ஆணின் குரல். அந்தக் கதை பின்னால் நாவலாயிற்று, சினிமாவும் ஆயிற்று.

வீட்டுக்குள் பெண்கள் சொன்ன கதைகளுக்கு இந்தப் பயணம் வாய்க்கவில்லை. ஔவையார் நோன்பை நினைத்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை இரவில், ஆண்கள் உறங்கிய பிறகு, உப்பில்லாத கொழுக்கட்டை அவித்து, மூத்தவள் ஒருத்தி கதை சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். ஆண் குழந்தைக்குக்கூட அனுமதி கிடையாது. தொகுப்பாளர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்த காலத்தில் இந்த இரவுகள் எப்படிப் பதிவாகியிருக்கும்? பெண்கள் அந்தக் கதவைச் சாத்தி வைத்ததற்குக் காரணமும் இருக்கும். ஆண் கேட்காத இடத்தில்தான் சில கதைகளைச் சொல்ல முடியும்.

இன்று நம் கல்லூரிகளில் நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் பெண்கள் அதிகம். களப்பணிக்குப் போகும் மாணவிகள் கேட்டு வருவது தங்கள் அமுச்சியிடமும் ஆத்தாவிடமும்தான். ஆய்வேட்டில் அவர்கள் 'தகவலாளர்' ஆகிவிடுகிறார்கள். பின்னிணைப்பில் வரிசை எண், பெயர், வயது, ஊர் என்று ஒரு பட்டியல். கதை ஒரு பக்கத்தில், சொன்னவள் இருநூறு பக்கம் தள்ளி. எந்தக் கதையை எவள் சொன்னாள் என்று சேர்த்துப் பார்க்கவும் முடியாது. 'கதைசொல்லி' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது ஏன் இந்தச் சொல்? கதையின் தலைமாட்டிலேயே அவள் பெயரை எழுதலாம். யாரிடம் கேட்டாள், என்ன வேலை செய்துகொண்டே சொன்னாள், எந்த இடத்தில் சிரித்தாள், எதைச் சொல்லாமல் விட்டாள் என்றும் எழுதலாம். அன்னா டி சோஸாவுக்கு 1868-ல் கிடைத்த ஓர் அத்தியாயம் நம் அமுச்சிகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பெயர் போடுவது எல்லாருக்கும் எப்போதும் நன்மை என்றும் சொல்ல முடியாது. மில் விடுதியில் இருக்கும் பெண் சூப்பர்வைசரைப் பற்றி ஒரு கிண்டல் கதை சொன்னால், அவள் பெயரை அச்சிடுவது அவள் வேலையைப் பறிக்கலாம். மாமியாரைப் பற்றிச் சொன்ன மருமகளுக்கும் அப்படியே. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்திருக்கும் பெண்களின் கதைகளை அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுத நம்மிடம் ஆளும் இல்லை. அதனால், என்ன பெயர் போடட்டும் என்று அவளையே கேட்க வேண்டும். முழுப்பெயரோ, வேறு பெயரோ, பெயரே வேண்டாம் என்பதோ அவள் முடிவாக இருக்கட்டும். கிரிம்கள் மறைத்ததும் நாம் அவள் சொல்லி மறைப்பதும் வேறு வேறு. முதலாவதில் அவளைக் கேட்கவே இல்லை.

ஏ. கே. ராமானுஜன் 1991-ல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை உண்டு. மகன்களும் மருமகள்களும் கொடுமைப்படுத்த, சொல்லி அழ ஆளில்லாத ஒரு விதவை நாளுக்கு நாள் உடல் பெருத்துக்கொண்டே போகிறாள். ஒருநாள் ஊருக்கு வெளியே இடிந்து கிடந்த வீட்டுக்குப் போய், ஒவ்வொரு சுவரிடமும் ஒவ்வொருவர் செய்ததைச் சொல்கிறாள். சொல்லச் சொல்லச் சுவர் விழுகிறது, அவள் உடலும் இளைக்கிறது. நான்கு சுவரும் விழுந்ததும் லேசான உடலோடு வீட்டுக்கு நடக்கிறாள். இந்தக் கதையை முதலில் கட்டிச் சொன்னவள் யாரென்று இனித் தெரியப்போவதில்லை. இப்போது சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பனியன் கம்பெனி பஸ்ஸிலும், விடுதி மொட்டைமாடியிலும், செக்கிங் மேசையைச் சுற்றியும் இருக்கிறார்கள். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், முதல் வரியில் அவள் சொன்ன பெயரை எழுதிவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.